முழு வேகத்துக்குத் தகுதி

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்:

டெபுடி டைரக்டர். மேசையின் தலைப்பக்கம். லக்னோக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார்.

ஸ்டோர்ஸ் ஆபீசர். பஞ்சாபி. மடியில் ஃபைல், வாயில் பாக்கு.

அக்கவுண்ட்ஸ் ஆபீசர். நம்ம பக்கத்துக்காரர், கும்பகோணம். சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ்.

டாக்டரம்மா. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். கல்கத்தாக்காரர். மெஷின் அவருடைய பிரிவில்தான் இருந்தது.

அதே டெண்டருக்கு வந்த இன்னொரு கம்பெனி ஆள். டை கட்டியிருந்தார்.

நான்.

ஆறு பேர். ஏழாவது ஆள் அந்த அறையில் இல்லை. இரண்டு அறை தள்ளி, ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். லேப் அட்டெண்டன்ட். கர்வால் மலைக்காரர். அரை மணிக்கு ஒரு தரம் முள்ளைப் பார்த்து எழுதுவது அவர் வேலை.

மார்ச் மாதம், கடைசி வாரம். எழுபதுகள் முடிகிற சமயம். காலை பதினொரு மணி.

நான் எட்டாவது வரை படித்தவன். வேலூரில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கற்றுக்கொண்டு டெல்லிக்கு வந்தேன். வெளிநாட்டு மெஷின் விற்கிற ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். கம்பெனி டெல்லி ஆபீசை மூடிவிட்டுப் போனது. மெஷின்கள் எங்கே போகும்? ஆராய்ச்சி நிலையங்களில் அப்படியே இருந்தன. என்னைக் கூப்பிட்டார்கள். கோட்லாவில் ஒரு அறை எடுத்து, லெட்டர்பேட் அடித்து, நானும் காண்ட்ராக்டர் ஆனேன். வருஷத்துக்கு ஒரு டெண்டர். அந்த நிலையத்தில் நாலு மெஷின். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த நாலு மெஷினால்தான். வேறு பெரிய வேலை எனக்கு இல்லை.

நாலில் முக்கியமானது சென்ட்ரிஃபியூஜ், கலந்திருப்பதைச் சுற்றிப் பிரிக்கிற மெஷின். சும்மா சுற்றுகிற சின்னது இல்லை. துணி துவைக்கிற மெஷின் மாதிரி இரண்டு மடங்கு பெரிசு. உள்ளே ரோட்டர் என்று ஒன்று. இட்லிப்பானை அளவுக்கு கெட்டி அலுமினியம். அதில் எட்டுத் துளை, துளைக்கு ஒரு குழாய். மூடிவிட்டு உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுச் சுற்றினால் நிமிஷத்துக்கு ஐம்பதாயிரம் சுற்று.

அந்த வேகத்தில் அலுமினியம் களைத்துப்போகும். வெளியே தெரியாது. மெஷின் செய்தவன் புத்தகத்தில் எழுதியிருந்தான்: ஆயிரம் ஓட்டம் ஆனால் அதற்கப்புறம் முழு வேகத்தில் ஓட்டாதே, பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள். அதற்காகத்தான் ஒவ்வொரு ஓட்டத்தையும் ரெஜிஸ்டரில் வரிசை எண் போட்டு எழுதச் சொல்வது.

பழைய கம்பெனியில் இருக்கும்போது இப்படி ஒரு ரோட்டர் உடைந்ததைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். வேறு ஊர். ஆள் அப்போது டீ குடிக்கப் போயிருந்தான். அவன் உட்காருகிற நாற்காலியைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஸ்டோர்ஸ் ஆபீசர் என் முன்னால் அச்சடித்த தாளை வைத்தார்.

"உன் ரேட்தான் குறைச்சல். முதல் சான்ஸ் உனக்கு. போடு."

வருஷா வருஷம் போடுகிற கையெழுத்துதான். பட்டியலில் உள்ள எல்லாக் கருவியும் முழு வேகத்துக்குத் தகுதி உள்ளது, சோதித்தேன், நானே பொறுப்பு என்று நாலு வரி. மூன்று வருஷம் படிக்காமலே போட்டிருக்கிறேன். அன்றைக்கு மூடி கழற்றின பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் சத்தம் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்கு செருப்பு வழியாக வந்தது. முழு வேகத்துக்கு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சாப், ரோட்டரைப் பற்றிப் பேசணும்" என்றேன். ஹிந்தியில்தான்.

"போன வாரம் சொன்னானே, அதுதான்" என்று ஸ்டோர்ஸ் ஆபீசர் டெபுடி டைரக்டரிடம் சொன்னார். "ரெஜிஸ்டர் கதை."

போன வாரம் நடந்தது இது.

மெஷினுக்கு எண்ணெய் மாற்றப் போயிருந்தேன். அட்டெண்டன்ட் புது ரெஜிஸ்டருக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் பக்கம். ஸ்கேல் வைத்து சிவப்பு மையில் அழகாகப் போடுவார். வரிசை எண் என்ற கட்டத்தில் 1 என்று எழுதினார்.

"ஏன் ஒண்ணு?" என்று கேட்டேன்.

"நயா சால், நயா ரெஜிஸ்டர்" என்றார். புது வருஷம், புது ரெஜிஸ்டர். இதைக்கூடக் கேட்பாயா என்கிற மாதிரி பார்த்தார்.

சர்க்காரில் அப்படித்தான். மார்ச் முப்பத்தொன்று ராத்திரியோடு எல்லாம் முடியும். தபால் ரெஜிஸ்டர், கேட் பாஸ் ரெஜிஸ்டர், கண்ணாடிச் சாமான் ரெஜிஸ்டர், எல்லாம் ஒன்றிலிருந்து தொடங்கும். ரோட்டரும் அதில் சேர்ந்துவிட்டது. அது வாங்கி ஐந்து வருஷம். ஒவ்வொரு ஏப்ரலும் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது. ஆயிரம் எப்படி வரும்?

அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் மூன்று வருஷம் அதே ரெஜிஸ்டரைப் புரட்டி, 'இருநூறு சொச்சம்தானே' என்று கையெழுத்துப் போட்டவன். புத்தகத்தில் ஆயிரம் என்று இருப்பதும் தெரியும். ரெஜிஸ்டர் வருஷத்துக்கு ஒன்று என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அவ்வளவுதான்.

அட்டெண்டன்ட்டும் நானும் மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய ரெக்கார்டு அறையில் இரண்டு நாள் தூசி தட்டினோம். முதல் வருஷம் கிடைத்தது. இரண்டாவது கிடைத்தது. மூன்றாவது இல்லை. நாலாவது கிடைத்தது. ஐந்தாவது, நடக்கிற வருஷம், மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது.

ஸ்டோர்ஸ் ஆபீசரிடம் சொன்னேன். "மீட்டிங்கில் சொல்லு" என்றார். காண்ட்ராக்டர் ஸ்டோர்ஸோடுதான் பேசலாம். விஞ்ஞானிகளிடம் நேராகப் போய்ப் பேசினால் அதற்கு ஒரு மெமோ வரும். அதனால் டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை. அது என் இரண்டாவது தப்பு. மீட்டிங் நாள் காலையில் நான் வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அட்டெண்டன்ட்டிடம், "நீங்க கொஞ்சம் தள்ளி உட்காரக் கூடாதா?" என்றேன்.

"தள்ளி உட்கார்ந்தா முள்ளு தெரியாதே, பாயி சாப்" என்றார். சிரித்தார். "மூணு மணி வரைக்கும் ஓடணும். உத்தரவு."

இதைத்தான் மேசையில் சொன்னேன். சுருக்கமாக. கொண்டுவந்த மூன்று பழைய ரெஜிஸ்டரையும் வைத்தேன்.

டாக்டரம்மாவுக்கு முகம் மாறியது.

"இப்போ என்ன சொல்ல வருகிறீர்கள்? நிறுத்தணுமா?"

"நிறுத்தினா நல்லது, மேடம்."

"உள்ளே இருப்பது எட்டு மாச வேலை, தெரியுமா? நடுவில் நிறுத்தினால் பிரிந்து வந்ததெல்லாம் மறுபடி கலந்துவிடும். எலி ஈரலில் இருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்தது. மறுபடி முதலில் இருந்து தொடங்கணும்."

"தெரியும், மேடம்."

"தெரியாது" என்றார்.

ஸ்டோர்ஸ் ஆபீசர் பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "ஐந்து வருஷம் ஓடினது இன்னும் நாலு மணி நேரம் ஓடாதா? மதராசி பாயி, ராத்திரி சாம்பார் அதிகமாச்சா? வயிறு கலக்குதா?"

டை கட்டியவர் சிரித்தார். டெபுடி டைரக்டர் சிரிக்கவில்லை.

"எத்தனை ஓட்டம் ஆகியிருக்கிறது? எண் சொல்லுங்கள்" என்றார்.

அக்கவுண்ட்ஸ் ஆபீசர் ரெஜிஸ்டர்களை இழுத்துக்கொண்டார். "நான் கூட்டறேன், சார்." கண்ணாடியை மாட்டினார். முப்பது வருஷம் டெல்லியில் இருந்தவர். ஹிந்தியும் இங்கிலீஷும் தண்ணீர் மாதிரி பேசுவார். கூட்டும்போது மட்டும் தமிழ். உதடு அசைந்தது. முதல் வருஷம் நூற்று அறுபத்து நாலு. இரண்டாவது இருநூற்று மூன்று. நாலாவது இருநூற்று ஐம்பத்தொன்று. இந்த வருஷம், காலையில் நான் பார்த்துக் குறித்து வந்தது, இப்போது ஓடுகிறதையும் சேர்த்து இருநூற்றுப் பதிமூன்று.

"எண்ணூத்தி முப்பத்தொண்ணு" என்றார். பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னார்.

"மூன்றாவது வருஷம்?" என்று டெபுடி டைரக்டர் கேட்டார்.

"பழைய பேப்பர்காரனுக்குப் போயிருக்கும், சார்" என்றார் ஸ்டோர்ஸ் ஆபீசர். "விதிப்படி கழித்ததுதான்."

"அப்படியானால் இன்னும் நூற்று அறுபத்தொன்பது பாக்கி இருக்கிறதே" என்றார் டை கட்டியவர். "ரெக்கார்டில் இல்லாததை எப்படி எண்ணுவது?"

அக்கவுண்ட்ஸ் ஆபீசர் என் பக்கம் குனிந்தார். தமிழில், மெதுவாக: "ஓய், அவன் சொல்றது சரிதான். இல்லாத காகிதத்தை யாரும் கூட்ட முடியாது. கையெழுத்தைப் போட்டுட்டுப் போமேன். ரெண்டு பொண் குழந்தை உமக்கு."

"அந்த வருஷம் மெஷின் சும்மா நின்னுதா, சார்?"

"அதை என்னைக் கேட்டா?"

"நீங்கதானே கூட்டறீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டெபுடி டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எண் ஆயிரத்துக்குக் கீழே. நான் வேறு என்ன செய்ய முடியும்? கையெழுத்துப் போடுகிறீர்களா, இல்லையா?"

பேனா என் கையில் இருந்தது. மை காய்ந்திருக்கும். செருப்புக்கு அடியில் அந்தச் சத்தம் மாறாமல் வந்துகொண்டிருந்தது. அது மாறினால் அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. மாறுவதற்கு முன்னால் சொல்லாது.

டாக்டரம்மா எழுந்தார்.

"ஐந்து நிமிஷம்" என்றார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஸ்டோர்ஸ் ஆபீசர் ஜன்னல் பக்கம் போய்ப் பாக்கைத் துப்பிவிட்டு வந்தார். மின்விசிறியை அந்த வருஷம் முதல் தடவையாகப் போட்டிருந்தார்கள். அது கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தில் மெஷின் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. எழுந்து விசிறியை அணைத்தேன்.

"என்ன, விசிறிக்கும் வயசாயிடுச்சா?" என்றார் ஸ்டோர்ஸ் ஆபீசர்.

டாக்டரம்மா திரும்பி வந்தார். கையில் கெட்டி அட்டை போட்ட மூன்று நோட்டு. அவருடைய சொந்த நோட்டு. அந்த மூன்றாவது வருஷம் அவர் டாக்டர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தாராம். அந்த மெஷினைப் பெரும்பாலும் அவர்தான் ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, வேகம், நேரம், எல்லாம் எழுதி வைத்திருந்தார்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே பென்சிலால் பக்கத்துக்குப் பக்கம் புள்ளி வைத்துக்கொண்டு போனார். முதல் நோட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் பாதிக்கு மேல் பென்சில் மெதுவாகப் போனது. கடைசிப் பக்கம் வந்து, ஒரு பக்கம் பின்னால் போய், மறுபடி எண்ணினார்.

"நூற்று எண்பத்தெட்டு" என்றார். "என்னுடையது மட்டும். மற்றவர்கள் ஓட்டினது எனக்குத் தெரியாது."

அக்கவுண்ட்ஸ் ஆபீசர் கூட்டி முடித்திருந்தார். தாளை டெபுடி டைரக்டர் பக்கம் தள்ளினார்.

ஸ்டோர்ஸ் ஆபீசர் எட்டிப் பார்த்தார். "பத்தொன்பதுதானே அதிகம்! பத்தொன்பதுக்கா இத்தனை?"

டாக்டரம்மா அதற்குள் கதவைத் தாண்டியிருந்தார். நான் பின்னால் போனேன்.

அட்டெண்டன்ட் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். "நீ வெளியே போ" என்றார் டாக்டரம்மா. அட்டெண்டன்ட் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போனார். முள் ஐம்பதில் நின்றது. டாக்டரம்மா ஸ்விட்சைத் திருப்பினார். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்விட்ச், பிரேக். பிரேக் போடாமல் விட்டால் ரோட்டர் தானாக மெதுவாக நிற்கும். உள்ளே இருக்கிறது ஒருவேளை கலையாமல் தப்பலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரேக் போட்டால் கால் மணி நேரத்தில் நிற்கும். குழாயில் ஒன்றும் மிஞ்சாது.

அவர் கை பிரேக் மேல் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் சொல்கிற இடம் இல்லை அது.

பிரேக்கைப் போட்டார்.

இரண்டு பேரும் வராந்தாவுக்கு வந்து சுவர் ஓரமாக நின்றோம். அட்டெண்டன்ட் அங்கே பெஞ்சியில் உட்கார்ந்து, ரெஜிஸ்டரில் நிறுத்தின நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. கால் மணி நேரம் என்பது அவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. முள் பூஜ்யத்துக்கு வந்ததும் நான் உள்ளே போய் மூடியைத் திறந்தேன்.

ரோட்டரை மேசை மேல் வைத்துத் துடைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டுத் துளையிலும் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் பார்த்தேன். கீறல் இல்லை. விரிசல் இல்லை. ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எட்டையும். பிறகு ஸ்டாண்டில் வைத்துவிட்டு என்னிடம், "விரிசல் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"கண்ணுக்கு இல்லை, மேடம்."

"சரி" என்றார்.

அதையேதான் மீட்டிங் அறைக்குத் திரும்பி வந்தும் சொன்னேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டை கட்டியவர் தாடையைத் தடவினார். ஸ்டோர்ஸ் ஆபீசர் கையை விரித்தார்.

"நிறுத்தியாச்சு. பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லை. இப்போவாவது போடு."

தாள் அதே இடத்தில் இருந்தது. முழு வேகத்துக்குத் தகுதி உள்ளது.

"கீழே ஒரு வரி எழுதிப் போடறேன், சாப். இந்த ரோட்டரை மட்டும் குறைச்ச வேகத்தில் ஓட்டணும்னு."

"எழுதக் கூடாது" என்றார் அவர். சிரிப்பு போய்விட்டது. "அச்சடிச்ச படிவம். ஒரு எழுத்து சேர்த்தாலும் நிபந்தனை டெண்டர். தள்ளுபடி. அடுத்தவருக்குப் போயிடும்."

டெபுடி டைரக்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அக்கவுண்ட்ஸ் ஆபீசர் தமிழில், "வரி எழுதாதேயும் ஓய். வாயால சொன்னது போறும். அந்தம்மா இனி முழு வேகத்துல ஓட்டமாட்டா" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"அந்தம்மா மாற்றலாகிப் போனா, சார்?"

"அதுக்கு நீரா பொறுப்பு?"

"தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு, சார். நானே பொறுப்புன்னு."

பேனாவை உதறினேன். மை வந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத வராது, கையெழுத்து மட்டும் வரும். அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதினேன். ரோட்டர் ஆயிரம் ஓட்டம் தாண்டிவிட்டது, முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. கீழே கையெழுத்துப் போட்டேன். டெபுடி டைரக்டர் தாளை எடுத்து, "இது என்ன?" என்று கேட்டார். அக்கவுண்ட்ஸ் ஆபீசர் படித்து இங்கிலீஷில் சொன்னார். ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொன்னார். அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டவன்.

டை கட்டியவருக்குப் புதுத் தாள் கொடுத்தார்கள். அவர் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. நானும் மூன்று வருஷம் படிக்கவில்லையே.

சைக்கிளில் கோட்லாவுக்குத் திரும்பும்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நிறுத்தி அரிசி வாங்கினேன். வீட்டில் சொன்னேன். "வேற எங்கயாவது கிடைக்குமா?" என்று கேட்டாள். "பார்க்கணும்" என்றேன். மறுபடி ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போனேன். பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. சின்னக் கஷ்டம் நிறைய.

ஏப்ரல் ஒன்றாம் தேதி சாவியையும் ஸ்பேர் பெட்டியையும் ஒப்படைக்கப் போனேன். மீட்டிங் நாளுக்கு அப்புறம் அந்த ரோட்டரை யாரும் ஓட்டவில்லையாம். அன்றைக்குத்தான் மறுபடி போட்டிருந்தார்கள். அட்டெண்டன்ட் அதே ஸ்டூலில் இருந்தார். முள்ளைப் பார்த்தேன். நாற்பத்தைந்தில் நின்றது.

"வாங்க, பாயி சாப். டீ?"

"வேண்டாம்."

அவர் மடியில் புது ரெஜிஸ்டர். சிவப்புக் கோடு. அன்றைக்கு என் எதிரே 1 என்று எழுதின பக்கம் கிழிபட்டிருந்தது. டாக்டரம்மா கிழித்துவிட்டு, எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். சர்க்கார் ரெஜிஸ்டரில் பக்கம் கிழித்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். அட்டெண்டன்ட் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். தேதி ஏப்ரல் ஒன்று. முதல் வரி. வரிசை எண்:

1020.